ரெண்டடி சரிவுன்னு நம்பி வாங்குன ஆறு சென்ட்டு

"லேசா சரிவு தாம்மா, ஒரு ரெண்டடி இருக்கும், நாலு லோடு மண்ண அடிச்சா மட்டமாயிரும்"னு தான் எடம் காமிச்ச புரோக்கர் சொன்னாரு. நாங்களும் நம்பிட்டோம். பாத்தா ரெண்டடி தான் தெரியும், மணல் மேடு, நடுவுல உடைமுள்ளு, அங்கங்க பனை, கண்ணுக்கு மட்டம் பிடிபடவே பிடிபடாது.

எடம் ராமநாதபுரம் மாவட்டத்துல, ஏர்வாடிக்கும் வாலிநோக்கத்துக்கும் நடுவுல, கடல்ல இருந்து ஒண்ணரை கிலோமீட்டர் உள்ள. 500 மீட்டருக்குள்ள இருந்தா கடலோரத்துல கட்டடம் கட்டக் கட்டுப்பாடு போடுற சிஆர்இசட் சட்டம் குறுக்க வரும்னு அத மட்டும் உஷாரா விசாரிச்சு தான் வாங்குனோம், பட்டா வில்லங்கம் எல்லாம் சரியா இருந்துச்சு, சரிவ மட்டும் யாரும் அளக்கல. 40க்கு 65, கிட்டத்தட்ட ஆறு சென்ட்டு. வடக்க ரோடு, அங்கிருந்து தெக்க பாத்து இறங்கும், நம்ம பக்கம் கடலும் தெக்க தானே. 2022ல வாங்குனது. எங்க வீட்டுக்காரவுக சார்ஜால இருக்காக, இங்க நானு, மாமா, அத்தை, ரெண்டு பிள்ளைக. அதனால வீடு கட்டுறதுல கணக்கு வழக்கு, ஆள் மேய்க்கிறது, திட்டு வாங்குறது எல்லாம் எந்தலைல தான்.

மேஸ்திரி அண்ணன் வந்த மொத நாளே "தாயி, மொதல்ல டியூப் போட்டுப் பாத்துருவோம்"னாரு. எனக்கு அப்ப அது என்னன்னே தெரியாது. கண்ணாடி மாதிரி ஒரு நீளமான ட்யூபு, அதுக்குள்ள தண்ணிய ஊத்தி, தெரியுறதுக்காக ரெண்டு சொட்டு நீலத்த கலந்து, அப்புறம் அத தட்டித் தட்டி உள்ள இருந்த குமிழிய எல்லாம் வெளிய விட்டாரு, ஒரு குமிழி இருந்தாலும் மட்டம் பொய் சொல்லும்னு. அவரு ரோட்டு ஓரத்துல குத்த வச்சு ஒரு முனைய ரோட்டு மட்டத்துக்குப் பிடிச்சாரு, இன்னொரு முனைய நான் தூக்கிட்டு கீழ கடைசில இருக்குற பனை மரத்துக்கிட்ட போனேன். "மேல தூக்கு, இன்னும் தூக்கு, இன்னும்"னு கத்துறாரு. தூக்கித் தூக்கி கடைசில அந்த நீலத் தண்ணி எம் புருவத்துக்கு நேரா வந்து நின்னுச்சு. அதாவது நான் நிக்கிற எடத்துல ரோடு எம் புருவத்து உசரத்துல இருக்கு. பனைல கரிக்கட்டையால கோடு போட்டு டேப்ப வச்சுப் பாத்தா அஞ்சடி, அதுக்கும் மேல ஒரு இன்ச்சு. மாமா அந்தக் கோட்டையே ரொம்ப நேரம் பாத்துக்கிட்டு நின்னாரு, ஒண்ணும் பேசல.

எடம் வாங்குறதுக்கு முன்னாடியே ஒரு ஆளுக்கு 500 ரூவா குடுத்து இத பண்ணிருந்தா வெலையாவது குறைச்சுக் கேட்டிருக்கலாம்.

அன்னைக்கு ராத்திரி பேப்பர்ல கணக்குப் போட்டேன். ரோட்ட விட ரெண்டடி உசரமா இருக்கணும்னு எல்லாருமே சொன்னாக, ஏன்னா ஒவ்வொரு தடவ ரோடு போடுறப்பயும் பழச சொரண்டாம மேலயே போட்டுட்டுப் போறாக, பத்து வருசத்துல வீடு பள்ளத்துல கெடக்கும். அப்ப முன்னாடி ரெண்டடி, பின்னாடி ஏழடி, சராசரி நாலரை அடி. 2600 சதுர அடிய நாலரையால பெருக்குனா 11,700 கன அடி. ஒரு யூனிட்டுன்னா 100 கன அடி, அப்ப 117 யூனிட்டு. மண்ணு அமுங்கும்ல, அதுக்குக் கால் பங்கு கூடப் போட்டா 146. மூணு யூனிட்டு டிப்பர்னா 49 லோடு. அப்ப எங்களுக்குச் சொன்ன ரேட்டு லோடு 6,000, ஆக 2,94,000 ரூவா மண்ணுக்கு மட்டும். நாலு லோடுன்னு சொன்ன புரோக்கர நெனச்சு சிரிப்பு தான் வந்துச்சு.

அதோட முடிஞ்சாப் பரவால்ல. ஏழடி உசரத்துக்கு மணலக் கொட்டுனா அது சும்மா நிக்குமா, மூணு பக்கமும் அணை மாதிரி சுவரு வேணும். கருங்கல்லு நம்ம கடலோரத்துல கெடைக்கிற பொருளா, எங்கயோ இருந்து லாரில வரணும், கல்லு வெலைய விட வாடகை ஜாஸ்தி. சுவருக்கு மட்டும் அஞ்சு லட்சத்துக்கு மேலன்னு மேஸ்திரி அண்ணன் சொல்லிட்டாரு. மண்ணும் சுவரும் சேத்து எட்டு லட்சம். எங்க மொத்த பட்ஜெட்டே 22 லட்சம், கையில 10, லோன் 12. வீட்டுக்கு ஒரு செங்கல் வைக்கிறதுக்கு முன்னாடியே மூணுல ஒரு பங்குக்கு மேல மண்ணுக்குள்ள போயிரும்.

ஆனா மாமா ரொப்பியே ஆகணும்னு நின்னாரு. அதுக்குக் காரணம் மனையடி சாஸ்திரம். தெக்கயும் கன்னி மூலையும், அதாவது தென்மேற்கும், உசரமா இருக்கணும், வடகிழக்கு தாழ்ந்து இருக்கணும், நம்ம எடம் அப்படியே தலைகீழ். "தெக்க பள்ளமா இருந்தா வீட்டுல காசு தங்காது தாயி"ன்னாரு. எட்டு லட்சத்த மண்ணுல போட்டா மட்டும் தங்குமான்னு கேக்க வாய் வரைக்கும் வந்துச்சு, முழுங்கிட்டேன்.

எங்க வீட்டுக்காரவுக கூடப் படிச்ச ஒரு இன்ஜினியரு ராம்நாட்ல இருக்காரு, அவருட்ட போனோம். அவரு நான் போட்ட கணக்கப் பாத்துட்டு, ரொப்பவே வேணாம், வீட்ட ரெண்டு மட்டமா இறக்கிருவோம்னு ஒரு கோடு போட்டுக் காமிச்சாரு. வீடு 28க்கு 42. முன்பாதி 21 அடி ரோட்ட விட ரெண்டடி மேல. பின்பாதி 21 அடி அதுல இருந்து மூணடி கீழ, நடுவுல ஆறு இன்ச்சு வீதம் ஆறு படி. மண்ணு பேஸ்மட்டத்துக்கு, அதாவது தரைக்கு மேல வீட்டுத் தளம் வரைக்கும் எழுப்புற அடிக்கட்டுக்கு, உள்ள மட்டும் போட்டாப் போதும், சுத்தி இருக்குற எடம் எப்படி இருக்கோ அப்படியே கெடக்கட்டும். 12 லோடு. நான் திரும்பத் திரும்ப எண்ணிப் பாத்தேன், 49 எங்க, 12 எங்க. பெரிய சுவரே தேவையில்ல.

சாஸ்திரத்துக்கும் அவரே ஒரு வழி சொன்னாரு. மாடித் தளத்த ஒரே மட்டமா போட்டுரலாம், மேல் பாதிக்கு பத்தடி உசரம்னா கீழ் பாதிக்கு பதிமூணு அடி உசரம் வரும், கன்னி மூலைல மொட்டமாடி மேல தண்ணி டேங்க வச்சுட்டா வீட்டுலயே ஒசந்த எடம் அதுதான். மாமா ரெண்டு நாளு யோசிச்சாரு, யாரையோ போயி கேட்டுட்டும் வந்தாரு, அப்புறம் சரின்னாரு. அந்த மூணடி கூடுதல் சுவருக்கு 40,000 கிட்ட ஆச்சு, ஆனா சித்திரை வெயில்ல கீழ இருக்குற அந்தப் பதிமூணு அடி ரூம்ல வந்து படுக்குற மொத ஆளு மாமா தான்.

இப்ப நான் சொல்ல வர்றது யாரும் எனக்கு முன்னாடி சொல்லாத விசயம். சரிவுல பிளான் போடுறப்ப மொதல்ல கக்கூஸ் எங்கன்னு முடிவு பண்ணுங்க, ஹாலு, கிச்சனு எல்லாம் அப்புறம். எங்க எடத்துல தென்கிழக்கு மூலைல கீழ ஒரு பழைய கிணறு இருக்கு, பத்தடி ஆழம் தான், ஆனா நல்ல தண்ணி. நம்ம பக்கத்து மணல்ல அப்படித்தான், மேலால மழத்தண்ணி மெதந்துக்கிட்டு நிக்கும், ஆசப்பட்டு ஆழமா போர் போட்டா உப்புத் தண்ணி தான் வரும். கழிவு தானா வடியுற மாதிரி செப்டிக் டேங்க பள்ளத்துல வைக்கிறது தான் எல்லாரும் செய்றது, எங்களுக்கு அங்க தான் குடிக்கிற தண்ணியும் இருக்கு. கிணத்துக்கும், செப்டிக் டேங்குத் தண்ணி மண்ணுல எறங்குற உறிஞ்சு குழிக்கும் 60 அடியாவது வேணும்னு இன்ஜினியரு கறாரா சொல்லிட்டாரு. எடமே 65 அடி. கடைசில வடமேற்கு மூலைல ரோட்டோரமா குழி, தென்கிழக்குல கிணறு, மூலைக்கு மூலை இழுத்துப் பிடிச்சா 70 அடி கிட்ட வந்துச்சு. அப்ப என்ன ஆச்சுன்னா, குழி மேட்டுல இருக்குறதால கீழ் மட்டத்துல கக்கூஸே வைக்க முடியாது, தண்ணி ஏறி வருமா? பைப்புக்கு பத்தடிக்கு ரெண்டுல இருந்து மூணு இன்ச்சு எறக்கம் வேணும். ரெண்டு பாத்ரூமும் மேல, மாமா அத்தை ரூமும் மேல, அவுகளுக்கு முட்டி வலி, அதுக்கு அது தோதாப் போச்சு. எங்க ரூமும் கிச்சனும் கீழ. ராத்திரி சின்னவன் எந்திரிச்சு தூக்கக் கலக்கத்துல ஆறு படி ஏறணும், அது ஒரு குறை தான், நான் கூடவே எந்திரிச்சுப் போறேன்.

அத்தை கிச்சனுக்கு எப்படி வரும்னு ஒரு கேள்வி வந்துச்சு. உள்ள சாய்வுப் பாதை போடலாம்னா ஒரு அடி எறக்கத்துக்கு 12 அடி நீளம்னு கணக்கு, மூணடிக்கு 36 அடி, வீட்டுக்குள்ள எங்க போட? அப்பத்தான் மேஸ்திரி அண்ணன் சொன்னாரு, "சந்துல இருக்குற தரையே சாய்வு தானே, 65 அடிக்கு அஞ்சடி தானே எறங்குது". பக்கத்துல ஆறடி சந்து விட்டிருந்தோம், அதுல சொரசொரப்பா சிமெண்டு போட்டு கிச்சன் பக்கம் ஒரு கதவு வச்சாச்சு. சிலிண்டர் உருட்டிட்டு வர்றதும் அந்த வழியா தான்.

மேஸ்திரிட்ட லேபர் காண்ட்ராக்ட் தான் பேசுனது, சதுர அடிக்கு 480, பொருள் எங்களுது. அதுல ஒரு சண்ட வந்துச்சு. ரேட்டுல பேஸ்மட்டம் மூணடி வரைக்கும் தான், அதுக்கு மேல போனா தனிக் காசுன்னு பேச்சு, எல்லா எடத்துலயும் இப்படித்தான் பேசுவாக. சரி, மூணடி எங்க இருந்து? முன்னாடி நின்னு அளந்தா ரெண்டரை அடி கூட இல்ல, நடுவுல மேல் மட்டம் முடியுற எடத்துல நாலடி. நான் வாசப்படில டேப்ப பிடிக்கிறேன், அவரு நடுவுல போயி பிடிக்கிறாரு. ரெண்டு பேரும் சொல்றது நெஜம் தான். கடைசில நாலு மூலையும் நடுவும் அளந்து சராசரி எடுத்து, தீந்துச்சு. நீங்க எழுதுறப்பயே எங்க இருந்து அளக்கணும்னு எழுதிருங்க, வாய்ப்பேச்சு வேணாம்.

2023 ஆவணில வேலைய ஆரம்பிச்சோம். மணல்ல வானம், அதான் அஸ்திவாரக் குழி, தோண்டுறது ஒரு கொடுமை, தோண்டத் தோண்ட சரியும். மேல இருந்து ஆரம்பிக்காம கீழ் குழில இருந்து தான் தோண்டணும், இல்லன்னா கீழ தோண்டுறப்ப மேல போட்டது நகந்துரும்னு இன்ஜினியரு சொல்லிருந்தாரு. காலைல தோண்டி சாயங்காலத்துக்குள்ள அடில ஜல்லி கான்கிரீட்ட போட்டு மூடிருவாக. தூணுக்கு அடில போடுற ஃபூட்டிங் எல்லாம் பழைய கெட்டி மண்ணுல, புதுசா ரொப்புன மண்ணுல ஒண்ணு கூட இல்ல. ரெண்டு மட்டத்துக்கும் நடுவுல வர்ற சுவருக்கு 9 இன்ச்சு செங்கலே போதும்னு மேஸ்திரி அண்ணன் சொன்னாரு, ஆனா அது மூணடி மண்ணத் தாங்குற சுவரு, அதோட ஈரத்தக் கீழ் ரூமுக்குள்ள விடவும் கூடாது, அதனால கம்பி கட்டி கான்கிரீட்டா போட்டு மண்ணு பக்கம் தார் பூசுனோம். 65,000. வலிச்சுச்சு, ஆனா நம்ம ஊரு உப்புக்கு செங்கல் சுவரு பொரிஞ்சு மாவா கொட்டுறத ஊருல எத்தன வீட்டுல பாக்குறோம்.

ரொப்புற மண்ணுலயும் ஏமாத்து உண்டு. ஒரு நாளு பாதி வெலைக்கு சவுடு மண்ணு இருக்குன்னு ஒரு டிப்பர்க்காரரு வந்து நின்னாரு. மேஸ்திரி அண்ணன் வண்டில ஏறி ஒரு சிட்டிக மண்ண எடுத்து நாக்குல வச்சாரு, வச்ச வேகத்துல துப்பிட்டு, "உப்பளத்து மண்ணு தாயி, திருப்பி அனுப்பு"ன்னாரு. அந்த உப்பு நாளைக்கு அஸ்திவாரத்துல ஏறி கம்பியத் திங்கும். அதே காரணம் தான் தண்ணிக்கும், கான்கிரீட்டுக்கு போர் தண்ணி ஒரு சொட்டு விடல, டேங்கர் தண்ணி, மொத்தத்துல 64,000 ஆச்சு. கடக்காத்து படுற கான்கிரீட்டுக்கு ஐஎஸ் 456ங்கிற கான்கிரீட்டு விதிப்படி கம்பிக்கு மேல 45 மில்லிமீட்டருக்கு கான்கிரீட்டு மூடியிருக்கணும், அதத்தான் கவர்ம்பாக, எம்30ங்கிற கெட்டிக் கலவையும் வேணும். கொத்தனாருக கல்லுச் சில்லப் பொறுக்கி கம்பிக்கு அடில சொருகுறத நானே பாத்து நிறுத்தி, கம்பிய அந்த அளவுக்குத் தூக்கிப் பிடிக்கிற கவர் பிளாக்க வாங்கிக் குடுத்தேன், அன்னைக்கு பூரா யாரும் எங்கிட்ட மூஞ்சி குடுத்துப் பேசல.

இதெல்லாம் பாத்துப் பாத்து செஞ்சவ ஒரு எடத்துல கோட்ட விட்டேன். ரோட்டுத் தண்ணி வீட்டுக்குள்ள எறங்காம இருக்க முன்னாடி குறுக்க ஒரு வாய்க்காலு வெட்டி ரெண்டு சந்து வழியாவும் கீழ கொண்டு போகணும்னு பிளான்லயே இருந்துச்சு, 18,000 ரூவா. அப்ப கையில காசு இல்ல. பேங்க்ல பேஸ்மட்டம் முடிஞ்சா தான் மொதத் தவணை, மண்ணு ரொப்புறதெல்லாம் அவுக எஸ்டிமேட்டுலயே சேராதுன்னுட்டாக, நான் நகைய அடகு வச்சு தான் பேஸ்மட்டத்த தூக்கிட்டு இருந்தேன். வாய்க்கால கடைசில பாத்துக்கலாம்னு தள்ளிட்டேன். ஐப்பசில ஒரு ராத்திரி மழ. காலைல போயி பாத்தா ரோட்டுத் தண்ணி பூராம் கிழக்குச் சந்துல எறங்கி, மணல கத்தியால வெட்டுன மாதிரி முழங்கால் ஆழத்துக்கு வெட்டிட்டு, கீழ் மூலை ஃபூட்டிங் பாதி வெளிய தெரியுது. நான் அங்குனயே உக்காந்துட்டேன். நல்லவேளை தூணு அசையல. மூட்டைல மண்ணக் கட்டி அண்டக் குடுத்து, சுத்தி ஒல்லி கான்கிரீட்டு போட்டு, 22,000. அப்புறம் அதே வாய்க்காலு, இப்ப 31,000. அந்த டிசம்பர்ல தான் காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 செ.மீ. கொட்டுச்சு, அது என்ன தூரம், நம்ம கடக்கரை தான், டிவில பாத்துட்டு அன்னைக்கு யாரும் தூங்கல. மறு வருசம் நவம்பர்ல ராமேஸ்வரத்துல 40 செ.மீ.க்கு மேல பேஞ்சப்ப எங்க பக்கம் அவ்வளவு இல்ல, ஆனாலும் நல்ல மழ தான், நான் கொடையப் பிடிச்சுக்கிட்டு வாய்க்கால்ல தண்ணி போறத பாத்துக்கிட்டே நின்னேன், அத்தை பைத்தியம்னு திட்டுச்சு.

கணக்கச் சொல்லணும்னா 22 லட்சம் 25,60,000ல வந்து நின்னுச்சு. அந்த 3,60,000ல அஸ்திவாரத்துல மட்டும் கூடுனது 1,30,000, ஏன்னா மட்டத் தரைக்கு உள்ள ரேட்ட வச்சே நான் கணக்குப் போட்டிருந்தேன். டேங்கர் தண்ணிய நான் எழுதவே இல்ல. இரும்பு ஜன்னலு ரெண்டு வருசத்துல துருப்பிடிச்சு போகும்னு யுபிவிசி பிளாஸ்டிக் ஜன்னலுக்கு மாறுனது, மழச் செலவு, மிச்சம் சில்லறை சில்லறையா போனது. திரும்பக் கட்டுனா தரைக்கு அடில போறதுக்குத் தனி நோட்டு போடுவேன், வீட்டு நோட்டோட கலக்க மாட்டேன், அதுல எதிர்பாராததுக்குன்னு 15 சதவீதம் எடுத்து வச்சுட்டு தான் டைல்ஸ் கடைப் பக்கமே போவேன்.

கீழ கடைசில 18 அடி எடம் இன்னும் சும்மா தான் கெடக்கு. அங்க ரெண்டு பனை, வெட்டல, வெட்டவும் கலெக்டர் அனுமதி வேணும், அதோட அந்த வேருக தான் மணலப் பிடிச்சுக்கிட்டு நிக்குது. கரிக்கோடு இன்னும் லேசா தெரியும். இப்ப என்ன பிரச்சனைன்னா கிழக்க பக்கத்து எடத்த வாங்குனவுக போன வாரம் லோடு லோடா மண்ணு அடிக்கிறாக, ரோட்டு மட்டத்துக்கு ரொப்பப் போறாகளாம், சுவரு பத்தி பேச்சே இல்ல. அப்ப அந்த மண்ணும் தண்ணியும் எங்க சந்துக்குத்தான் வரும். நேத்து போயி, "அண்ணே, ரொப்புங்க, வேணாங்கல, ஆனா எல்லைல ரெண்டடி விட்டு ஒரு வாய்க்காலு போட்டுக்கிருவோம், பாதிக் காசு நான் தர்றேன்"னு கேட்டேன். அவரு எடத்த ஒரு பார்வை பாத்துட்டு, "அம்புட்டு சரிவா இருக்கு? ரெண்டடி தானேம்மா"ன்னாரு. ஞாயித்துக்கெழம மேஸ்திரி அண்ணன ட்யூப்போட வரச் சொல்லிருக்கேன்.